லேசான் வாத்து: பெயரில்தான் லேசு

ஏரிக்கரை முழுக்க ஈ. கறுப்புப் பாய் விரித்த மாதிரி அப்பிக் கிடக்கிறது. அந்தப் பாயின் மேலேயே ஒரு சின்னப் பழுப்பு வாத்து, கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டி, அலகைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடுகிறது. ஈக்கள் அலையாக எழும்புகின்றன, அலகு படபடவென்று மூடித் திறக்கிறது, கரையின் அந்த முனை வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் அதே ஓட்டம். வாத்து நீந்தும், தலைகீழாகக் கவிழ்ந்து சேற்றைக் கிளறும், வரிசையாக நடக்கும் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஈ பிடிக்க ஓட்டப்பந்தயம் ஓடுகிற வாத்து வேண்டுமென்றால் பசிபிக் கடலின் நடுவிலிருக்கும் லேசான் தீவுக்குத்தான் போக வேண்டும். நினைத்தவுடன் போய்விடவும் முடியாது. அனுமதி வாங்கிய ஆராய்ச்சியாளர்களைத் தவிர யாரையும் அங்கே இறங்க விடுவதில்லை.

ஹவாய் என்றதும் நாம் நினைப்பது ஹொனலுலு இருக்கும் பெரிய தீவுக் கூட்டத்தை. அங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் கடலிலேயே போனால் வருகிறது லேசான். பரப்பு சுமார் 4 சதுர கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் சுற்றி வந்துவிடலாம். நடுவில் ஒரு ஏரி, கடல் நீரைப் போல மூன்று மடங்கு கரிப்பு. மீன் கிடையாது. உப்பில் வாழும் ஈயும், ஆர்ட்டீமியா என்ற குட்டி இறாலும்தான் அதில் உண்டு (நம் தூத்துக்குடி உப்பளப் பாத்திகளிலும் ஆர்ட்டீமியா இருக்கிறது). ஹவாய் மொழியில் தீவின் பெயர் கவுஓ, முட்டை என்று அர்த்தம். மேலிருந்து பார்த்தால் வடிவம் அப்படித்தான்.

இந்த வாத்துக்கு லேசான் வாத்து என்று பெயர் வைத்ததே ஒரு தப்புக் கணக்கு என்பதுதான் நான் சொல்ல வருவது. இருபதாம் நூற்றாண்டின் கடைசி வரைக்கும் எல்லோரும் இதை இந்த ஒரே தீவில் பிறந்து இந்த உப்பு ஏரிக்காகவே வார்க்கப்பட்ட பறவை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். வடக்கு நாடுகளில் சாதாரணமாகக் காணப்படும் மல்லார்ட் வாத்து ஏதோ காலத்தில் வழி தவறி வந்து இறங்கி, உருமாறிப் போனதன் மிச்சம் என்று சொன்னவர்களும் உண்டு. அப்புறம் பெரிய தீவுகளில் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த குகைகளில் எலும்புகள் கிடைத்தன. ஸ்டோர்ஸ் ஆல்சன், ஹெலன் ஜேம்ஸ் இருவரும் ஹவாயின் அழிந்துபோன பறவைகளின் எலும்புகளை ஆண்டுக்கணக்கில் தேடித் தொகுத்தவர்கள். அந்த எலும்புகளில் வாத்து எலும்புகளும் இருந்தன, அதுவும் கடற்கரையிலிருந்து வெகு உயரத்தில், மலைக்காட்டுக்குள். பழைய எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்க்கும் முறை வந்த பிறகு, 1996இல் வெளியான ஆய்வு ஒன்று அந்த எலும்புகள் லேசான் வாத்தினுடையவை என்று உறுதி செய்தது.

அதாவது, ஒரு காலத்தில் ஹவாய்த் தீவுக்கூட்டம் முழுக்க, ஈரக் காட்டிலும் மலைச்சரிவிலும் பூச்சி பொறுக்கித் திரிந்த வாத்து இது. உப்பு ஏரியும் ஈயும் அதற்குக் கடைசியில் வாய்த்த இடமும் சாப்பாடும், அவ்வளவுதான். வேறு எங்கும் வாழ முடியாமல் போன ஒன்றை, இங்கே மட்டுமே வாழத் தெரிந்தது என்று நாம் எழுதி வைத்துவிட்டோம்.

சரி, மற்ற தீவுகளில் ஏன் அழிந்தது? எலி. ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் பாலினீசியர்கள் படகில் வந்து குடியேறியபோது கூடவே பசிபிக் எலியும் வந்தது. அதற்கு முன் ஹவாயில் தரையில் ஓடி வேட்டையாடும் பாலூட்டி ஒன்றுகூடக் கிடையாது. இந்த வாத்துக்குத் தெரிந்த எதிரிகள் எல்லாம் வானத்திலிருந்து வருபவை. மேலே நிழல் தெரிந்தால் அசையாமல் அப்படியே உறைந்து நிற்க வேண்டும், பழுப்பு இறகும் தரையும் ஒன்றாகிவிடும், வேட்டைப் பறவை தாண்டிப் போய்விடும். மோப்பம் பிடித்து வரும் எலியிடம் இந்த வித்தை பலிக்குமா? முட்டை போச்சு, குஞ்சு போச்சு. மனிதரிடமும் பலிக்கவில்லை, கிட்டே போனாலும் பறக்காமல் நிற்கிற வாத்தைப் பிடிக்கக் கண்ணிகூட வேண்டாம். லேசானுக்கு எலி வந்து சேரவே இல்லை, இந்த வாத்து இன்றைக்கு உயிரோடு இருப்பதற்கு அந்த ஒன்றுதான் காரணம்.

எலி வராவிட்டாலும் மனிதர்கள் வந்தார்கள். 1890களில் கடற்பறவை எச்சத்தை உரத்துக்காக வெட்டி எடுக்கும் வேலை தீவில் தொடங்கியது. அந்த வேலையை மேற்பார்த்த மேக்ஸ் ஷ்லெம்மர் என்ற ஜெர்மானியர், லேசானின் ராஜா என்றே அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், 1903 வாக்கில் முயல்களைக் கொண்டுவந்து விட்டார். முயல் இறைச்சியில் வியாபாரம் பண்ணலாம் என்று யோசனை. வியாபாரம் நடக்கவில்லை, முயல்தான் பெருகியது. இதற்கிடையே ஐரோப்பியப் பெண்களின் தொப்பிக்கு இறகு வேண்டும் என்று இறகுக் கொள்ளைக்காரர்கள் வேறு வந்திறங்கினார்கள். 1909இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இந்தத் தீவுகளைப் பறவைக் காப்பிடமாக அறிவித்தது இந்தப் பின்னணியில்தான். அறிவித்த அடுத்த வருடமே தெட்டிஸ் என்ற அரசுக் கப்பல் போய் 23 பேரைப் பிடித்தது, அவர்களிடம் இருந்த இறக்கைகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல்.

காப்பிடம் என்று காகிதத்தில் எழுதிவிட்டால் முயலுக்குத் தெரியுமா. செடி, கொடி, புல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தின்று தீர்த்தது. வேர் பிடித்திருந்த மண் போனதும் மணல் காற்றில் கிளம்பியது. 1911, 1912இல் அங்கே போனவர்கள் எண்ணிய வாத்துகள் ஒரு டஜன் அளவுதான். 1923இல் பறவையியலாளர் அலெக்சாண்டர் வெட்மோர் தலைமையில் டானஜர் என்ற கப்பலில் வந்த குழு மிச்சமிருந்த முயல்களைச் சுட்டு ஒழித்தது. ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தபோது தீவு கிட்டத்தட்டப் பாலைவனம். சிவப்பு நிறத் தேன்குடிக் குருவி ஒன்று அங்கே இருந்தது, மூன்றே மூன்று. அதில் ஒன்றைப் படமும் பிடித்தார்கள். சில நாட்களில் அடித்த மணற்புயலுக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. முயல் வந்த இருபது வருடத்துக்குள் ஒரு இனம் கண் முன்னாலேயே முடிந்துபோனது.

லேசானில் மட்டுமே இருந்த இன்னொரு பறவை, பறக்கத் தெரியாத குட்டிக் கானாங்கோழி. அதை முன்பே இதே தீவு வரிசையில் இன்னும் வடமேற்கே உள்ள மிட்வே தீவுக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள், அங்கே நன்றாகவே இருந்தது. இரண்டாம் உலகப்போரில், அங்கே தளம் வைத்திருந்த அமெரிக்கக் கடற்படையின் கப்பலிலிருந்து எலி இறங்கியது. 1944க்குப் பிறகு அந்தக் கானாங்கோழி இல்லை. மிட்வே என்ற பெயரை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

வாத்து எப்படியோ தப்பியது. 1930 வாக்கில் ஒரே ஒரு பெட்டைதான் மிச்சம், அதன் முட்டைகளையும் வேறொரு பறவை கொத்திவிட்டது, துணையும் இல்லாமல் அது மறுபடி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வம்சத்தைக் காப்பாற்றியது என்று ஒரு கதை பல இடங்களில் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நான் இதை நம்பவில்லை. அப்போது தீவுக்கு எப்போதாவதுதான் ஒரு கப்பல் போகும், புதருக்குள் உறைந்து நிற்பதே தொழிலாக வைத்திருக்கும் ஒரு பறவையை ஒன்று, இரண்டு என்று யார் எண்ணியிருக்க முடியும்? விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது என்பது வரைக்கும் சரி. செடிகள் திரும்ப முளைக்க, வாத்தும் மெல்லப் பெருகி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நூற்றுக்கணக்கில் ஆனது. 1967இல் அமெரிக்காவின் அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள்.

அப்புறம் 1993. எல் நினோ வருடம், மழை பொய்த்தது, ஏரி வற்றியது, ஈயும் இல்லை. கூடவே குடலைத் தாக்கும் ஒரு புழு. அந்த வருடக் குஞ்சுகள் எதுவும் தேறவில்லை. பஞ்சம் முடிந்தபோது தீவில் மிஞ்சியவை நூறு வாத்து அளவில்தான். ஒரு தீவு, ஒரு ஏரி, ஒரு கெட்ட வருடம். முயலும் எலியும் இல்லாமலேயே இது முடிந்துபோகலாம் என்பது அப்போது எல்லோருக்கும் உறைத்தது.

இங்கே ஒரு கேள்வி வரும். உயிரியல் பூங்காக்களிலும் ஐரோப்பா, அமெரிக்காவில் பறவை வளர்ப்பவர்களிடமும் இந்த வாத்து நிறையவே இருக்கிறதே, அதைக் கொண்டுவந்து விட்டால் என்ன? அந்த வளர்ப்பு வாத்துகள் எல்லாம் எப்போதோ பிடித்து வந்த கொஞ்சப் பறவைகளின் வாரிசுகள், தலைமுறை தலைமுறையாகக் கூண்டுக்குள் உள்ளுக்குள்ளேயே கலந்தவை, வேறு வாத்து கலந்திருந்தாலும் தெரியாது. நோய் வேறு ஒட்டிக்கொண்டு வரும். அதனால் காட்டிலிருந்து காட்டுக்குத்தான் மாற்றுவது என்று முடிவு செய்தார்கள்.

இடம், மிட்வே. கடற்படை 1990களில் காலி செய்துவிட்டுப் போயிருந்தது, வனவிலங்குத் துறை எடுத்துக்கொண்டு அதே காலத்தில் எலிகளையும் ஒழித்திருந்தது. எலி இருந்த வரைக்கும் மயானமாக இருந்த தீவு, எலி போனதும் புகலிடம். முன்னேற்பாடு என்று பார்த்தால் விமானத் தளத்தின் கான்கிரீட்டுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே தன்னார்வலர்களும் ஊழியர்களும் சேர்ந்து குழி தோண்டி நன்னீர்க் குட்டைகள் ஊறவைத்தார்கள், கரையில் உள்ளூர்ப் புல்லை நட்டார்கள். அந்தப் புல் கொத்தாக வளர்ந்து குடை மாதிரி கவியும். பெட்டை அதற்குள் நுழைந்து முட்டையிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது.

2004 அக்டோபரில் 20 வாத்து, 2005 அக்டோபரில் 22. மிஷேல் ரேனால்ட்ஸ் என்ற உயிரியலாளர், இந்த வாத்துக்குப் பின்னால் பல வருடம் அலைந்தவர், அவர் முன்னின்று நடத்தினார். பிடித்த வாத்துகளைக் காற்றோட்டமான பெட்டிகளில் வைத்து இரண்டு நாள் கப்பலில் கொண்டுபோனார்கள். கப்பலில் பாதி வேலை புழு ஊட்டுவதும் எடை போடுவதும்தான். இறங்கியதும் கொஞ்ச நாள் கூண்டில் வைத்து, பறந்து கடலுக்குள் போய்விடாதபடி இறக்கைச் சிறகுகளின் நுனியைக் கத்தரித்து, ரேடியோ கருவி பொருத்தி விட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. லேசானில் இந்த வாத்து நிதானம், ஒரு முறைக்கு மூன்று நான்கு முட்டை. இந்த இனத்தின் இயல்பே அப்படித்தான், மெதுவாகப் பெருகும் பறவை என்று எழுதி வைத்திருந்தார்கள். மிட்வே வந்ததும் சீக்கிரமே முட்டையிட ஆரம்பித்தது, முட்டையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குட்டையில் பூச்சி, புல்வெளியில் பூச்சி, நன்னீர், வயிறு நிறைந்த வாத்து வேறு வாத்து. இயல்பு என்று நாம் நினைத்தது அரைப் பட்டினியின் அடையாளம். இந்த இடத்தில் மலைக் குகை எலும்புகளை நினைத்துப் பார்க்கலாம். லேசானை வைத்து இந்தப் பறவையை எடைபோட்டது, ஒருவரை ஆஸ்பத்திரிப் படுக்கையில் பார்த்துவிட்டு அவர் சுபாவத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

சில வருடங்களில் 42 என்பது நூற்றுக்கணக்கில் ஆனது. 2008 ஆகஸ்டில் செத்து விழ ஆரம்பித்தன. பாட்டுலிசம்.

இந்த நோயைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இந்த வாத்தின் இன்றைய முக்கிய எதிரி இதுதான், ஹவாயின் மற்ற நீர்ப்பறவைகளுக்கும் அப்படித்தான். காற்றுப் புகாத வெதுவெதுப்பான சேற்றில் ஒரு பாக்டீரியா நஞ்சைச் சுரக்கிறது. ஏதோ ஒரு பறவை அதில் சாகிறது. பிணத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கிறது. நஞ்சு புழுவை ஒன்றும் செய்யாது, அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். வாத்துக்குப் புழு என்றால் விருந்து. நாலைந்து புழு போதும். முதலில் கால் தள்ளாடும், அப்புறம் கழுத்தைத் தூக்க முடியாது, தண்ணீரில் இருந்தால் தலை தொங்கி மூழ்கியே செத்துப்போகும். இப்போது அந்தப் பிணத்திலும் புழு. ஒரு பிணம் பத்தாகிறது, பத்து நூறாகிறது. இதற்கு மருந்தைவிடப் பெரிய வைத்தியம் துப்புரவு. தினமும் காலையில் பையோடு ஒவ்வொரு குட்டையையும் சுற்றி, புல்லுக்கடியில் கையை விட்டுத் துழாவி, புழு வைக்கும் முன் பிணத்தை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் பிரச்சினை. மறைந்துகொள்வதில் கெட்டிக்காரப் பறவை, செத்த பிறகும் அப்படித்தான். அந்த வருடம் நூற்றுக்கும் மேற்பட்ட வாத்துகள் போயின.

அதிலிருந்து எழுந்து நின்றபோது 2011 மார்ச். ஜப்பானின் தோஹோக்கு நிலநடுக்கச் சுனாமி, நள்ளிரவை ஒட்டி மிட்வேயைத் தாண்டிப் போனது. ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சுகள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் செத்தன. வாத்துகளில் பெரும்பாலானவை அந்த இரவைத் தாண்டின, சிக்கல் அப்புறம்தான் ஆரம்பித்தது. குட்டைகளில் கடல்நீர் புகுந்துவிட்டது, தீவெங்கும் பிணம், பிணத்தில் புழு, மறுபடியும் பாட்டுலிசம். எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது.

சுனாமி என்றதும் நமக்கு 2004தான். அந்தமானிலும் லேசான் வாத்து மாதிரியே கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள ஒரு தீவு வாத்து இருக்கிறது, அந்தமான் கிளுவை. கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தினர் அதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். தெற்கு அந்தமானில் நிலம் தாழ்ந்து சிப்பிகாட் பக்கம் வயல்களில் கடல் ஏறியது. வயல் போனவர்களுக்கு அது பேரிழப்பு, அந்தச் சதுப்பில் இன்று கிளுவை மேய்கிறது. ஒரே மாதிரிப் பேரலை, ஒரு தீவில் வாத்தின் குட்டையைக் கெடுத்தது, இன்னொன்றில் புதிதாகச் சதுப்பு ஒன்றை உண்டாக்கிவிட்டுப் போனது. இதிலிருந்து எந்த நியதியையும் எடுக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

2014 செப்டம்பரில் மூன்றாவது இடம். மிட்வேக்கு மேற்கே 90 கிலோமீட்டர் அளவில் இருக்கும் குரே பவளத்தீவுக்கு 28 வாத்துகளைக் கொண்டுபோனார்கள். அங்கும் எலி முன்பே ஒழிக்கப்பட்டிருந்தது. குஞ்சும் பொரித்தது, பாட்டுலிசமும் வந்தது. இன்றைக்கு மூன்று தீவையும் கூட்டினாலும் நல்ல வருடத்தில் ஓராயிரத்தைச் சுற்றித்தான், கெட்ட வருடத்தில் அதற்கு வெகு கீழே. உலகளவில் அழிவின் விளிம்பில் உள்ளவை என்ற பட்டியலில்தான் இன்னும் இருக்கிறது.

மூன்று தீவு என்பது கேட்க ஆறுதலாக இருந்தாலும், மூன்றும் ஒரே ரகம். லேசானின் உச்சி பத்துப் பன்னிரண்டு மீட்டர், மற்ற இரண்டிலும் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. 2018 அக்டோபரில் வலாக்கா புயல் இதே தீவு வரிசையில் இருந்த, ஏறத்தாழ 11 ஏக்கர் பரப்புள்ள கிழக்குத் தீவை வழித்துக்கொண்டு போய்விட்டது. அது பச்சை ஆமை முட்டையிடும் முக்கியமான மணல், பிறகு எடுத்த படத்தில் ஒரு சின்ன மணல்கீற்றுதான் தெரிந்தது. கடல் மட்டம் ஏறினால் முதலில் உப்பேறுவது வாத்துக் குஞ்சுக்குத் தேவையான நன்னீர் ஊற்றுகள், தீவு மூழ்கும்வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஆகவே வாத்து உயரமான தீவுக்குத் திரும்ப வேண்டும், எலும்பு கிடைத்த இடங்களுக்கு. 2009இல் அமெரிக்க மீன், வனவிலங்குச் சேவை வெளியிட்ட மீட்புத் திட்டமும் இதைத்தான் சொல்கிறது. சொல்வது சுலபம். பெரிய தீவுகளில் இப்போது பசிபிக் எலி மட்டுமா இருக்கிறது? கப்பல் எலி, தெருப்பூனை, பன்றி. கரும்புத் தோட்டக்காரர்கள் எலியைப் பிடிக்கும் என்று 1883இல் ஜமைக்காவிலிருந்து கீரியை இறக்கினார்கள். ஜமைக்காவுக்கு அது போனது நம் கல்கத்தாவிலிருந்து. எலி பெரும்பாலும் இரவில் நடமாடும், கீரி பகலில், இரண்டும் சந்திப்பது அரிது. இரண்டுக்கும் பொதுவாகப் பிடித்தது தரையில் கிடக்கும் முட்டை.

இன்னொரு சிக்கல், இது வினோதமானது. பெரிய தீவுகளில் கொலோவா என்ற ஹவாய் வாத்து இருக்கிறது, கவாய் தீவில்தான் கலப்பில்லாமல் கொஞ்சம் பிழைத்திருக்கிறது. மரபணுவைப் பார்த்தவர்கள் 2015இல் சொன்னது, கொலோவா என்பதே வெகு காலத்துக்கு முன் லேசான் வாத்தும் மல்லார்ட் வாத்தும் கலந்து பிறந்த இனம் என்று. லேசான் வாத்து மலைத்தீவுகளில் வாழ்ந்தது என்பதற்கு எலும்பு தவிர இப்படி ஒரு உயிருள்ள சாட்சியும் இருக்கிறது. ஆனால் இன்று மனிதர்கள் கொண்டுவந்து குளத்தில் விட்ட மல்லார்ட்கள் கொலோவாவோடு கலந்து கொலோவாவையே கரைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் ஓர் இனத்தை உண்டாக்கிய அதே கலப்பு. லேசான் வாத்தைக் கொண்டுவந்து விட்டால் அதற்கும் மல்லார்ட் தேடி வராது என்று என்ன நிச்சயம்?

வழி இல்லாமல் இல்லை. ஓஆஹு தீவின் மேற்கு முனையில் கஎனா என்ற இடத்தில் எலிகூட நுழைய முடியாத வலை வேலியை 2011இல் போட்டு முடித்தார்கள், சுமார் 20 ஹெக்டேர், உள்ளே ஆல்பட்ராஸும் மற்ற கடற்பறவைகளும் நிம்மதியாகக் குஞ்சு பொரிக்கின்றன. அதே மாதிரி வேலிக்குள் ஈரநிலமும் இருக்கிற இடம் வேண்டும். இருக்கிற ஈரநிலங்கள் எல்லாம் பள்ளத்தாக்கில், வீடும் தோட்டமும் பூனையும் பக்கத்திலேயே. ஆள் இல்லாத கஹோஒலாவே தீவும் பேச்சில் இருந்திருக்கிறது, எலியும் பூனையும் அங்கேயும் உண்டு. பூனையைப் பிடிக்கலாம் என்று சொன்னால் பூனைக்குச் சாப்பாடு வைப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், இந்தச் சண்டை நம் ஊர்த் தெருநாய்ச் சண்டைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

மலைக்காட்டில் இந்த வாத்து எப்படி நடந்திருக்கும், எதைத் தின்றிருக்கும், கூட்டை எந்தச் செடிக்கடியில் வைத்திருக்கும் என்பதைப் பார்த்த மனிதர் இன்றைக்கு ஒருவரும் இல்லை. மிட்வேயில் கான்கிரீட்டுக்கு நடுவே தோண்டிய குட்டையைப் பார்த்ததும் இரண்டு மடங்கு முட்டையிட்ட பறவை அது. மலைக்குத் திரும்பும் வரைக்கும் லேசான் ஏரிக்கரையில் ஈ எழும்புகிறது, வாத்து ஓடுகிறது, தீவுக்கு வருகிற ஒவ்வொரு படகின் பெட்டி, பை, செருப்பு வரைக்கும் எலியோ விதையோ பூச்சியோ ஒட்டியிருக்கிறதா என்று ஆட்கள் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே போடும் துணிகூடப் புதிதாக வாங்கியதாக, உறையவைத்து எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது விதி.